ஒப்பீட்டு வீடு எண் பதினேழு

அனுப்புநர்
ஆ. பொன்னுரங்கம் (வயது 64),
விவசாயக் கூலி, மேட்டுத் தெரு,
வடக்கனந்தல் அஞ்சல், கள்ளக்குறிச்சி வட்டம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
புகையில்லா அடுப்பு ஆய்வுத் திட்டம்,
பல்கலைக்கழக வளாகம்.

பொருள்: மேட்டுத் தெருவின் முப்பது வீடுகளுக்கும் உடனே அடுப்பு தரக் கோருதல், என் கைரேகையைத் திரும்பப் பெறுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் முதல் மனு. முதியோர் கல்வி மையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலு வரிதான் வருகிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும் மறுபடி வாசித்துப் பார்க்கிறேன், அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம்தான் மகிழ்ச்சியானது அல்ல.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதம் தங்கள் ஜீப் எங்கள் ஊருக்கு வந்தது. விறகுப் புகையால் பெண்களுக்கு வரும் இருமலை ஆராய்வதாகவும், ஏழைகளுக்கென்று ஓர் அடுப்பு செய்திருப்பதாகவும் சொன்னார்கள். ஏரிக்கரைத் தெருவில் முப்பது வீடுகளுக்குப் புகைக்குழாய் வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் மேட்டுத் தெருவில் முப்பது வீடுகளுக்கு வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்து, ஒரு தாளில் கைரேகை வாங்கிக்கொண்டார்கள். தாளில் இருந்ததை யாரும் படித்துக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2. என் வீட்டு அட்டையில் 17 என்று இருந்தது. பஸ் ஏறிப் பழகியதால் எண் மட்டும் எனக்கு அப்போதே தெரியும். அது அடுப்புக்கான வரிசை எண் என்று தெருவே நம்பியது. என் மனைவி அதை நிலைப்படியில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். போன புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டு, ஊருக்குள் போலீஸ் வந்தபோது கரும்புக் கொல்லைக்குள் ஓடினோம். அவள் ரேஷன் கார்டை விட்டுவிட்டு இந்த அட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

3. மாதம் ஒரு முறை தங்கள் ஆய்வு மாணவர் வெங்கடேசன் வந்து, அவள் எத்தனை தரம் இருமினாள் என்று கேட்டு எழுதுவார். ஒரு குழாயில் ஊதச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். நல்ல பிள்ளை. சீக்காளி என்று தெரிந்தால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அவர் போகும்வரை அவள் இருமலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்வாள். பாதிதான் சொல்வாள். ஆகவே தங்கள் நோட்டில் உள்ள இருமல் எண்ணிக்கை தவறு. முள் காட்டியது மட்டும் சரி.

4. போராட்டத்தால் வேலை இல்லாத நாட்களில், சுவர்களில் எழுதியிருந்த கோரிக்கைகளை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகினேன். சுவர்களெல்லாம் முடிந்து, போன மாதம் என் வீட்டு நிலைப்படிக்கு வந்தேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டு, மனைவிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன்: “ஒப்பீட்டு வீடு. ஆய்வு முடியும்வரை அடுப்பு தரக்கூடாது.” வாசிக்க வந்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டாம் தரமும் வாசித்தேன். பிறகுதான் பொருள் புரிந்தது.

அவள், “நீ படிக்காமயே இருந்திருக்கலாம்யா. இத்தினி நாளு இதுக்குப் போய் பொட்டு வச்சிக்கினு இருந்தேனே” என்றாள்.

5. வெங்கடேசனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க படிப்பீங்கன்னு நெனைக்கலீங்க தாத்தா. உங்க தெருவுக்கும் குடுத்துட்டா ஒப்பிட்டுப் பாக்க ஆளு இருக்காதுங்க. அடுத்த தை வரைக்கும் பொறுத்துக்குங்க” என்றார்.

ஐயா, ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குத் தெரியாத வேலை அல்ல. உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பக்கத்தில் வைத்துத்தான் நாங்களும் பார்ப்போம். ஆனால் போடாத பாத்தி இருமாது.

இந்த மாதம் அவள் ஊதியபோது முள் நகரவே இல்லை. இப்போது படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருக்கிறாள். அடுத்த தையை அவள் பார்ப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இந்த மனுவுக்குப் பதில் வரும் என்ற நம்பிக்கையும் அதிகம் இல்லை. எழுதத் தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தெருவில் மற்ற வீட்டு அட்டைகளையும் படித்துக் காட்டிவிட்டேன். எல்லோருக்கும் அடுப்பு தர வேண்டுகிறேன். அந்தத் தாளில் உள்ள என் கைரேகையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் என் மனைவியைப் பற்றி “பெண், வயது 58” என்று மட்டும் இருந்தது. அவள் பெயர் குஞ்சம்மாள். அதன் கீழே என் கையால் எழுதியிருக்கிறேன். தங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேட்டுத் தெரு
நாள்: 22.2.1988

இப்படிக்கு,
ஆ. பொன்னுரங்கம்
(இது கையெழுத்து)