நாரே எழுந்து போனால்

அன்பு மகள் பொராமுக்கு,

இங்கே அப்பா, அம்மா, உன் மகள் நாரே மூவரும் சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும், உன் இருமலும் இந்நேரம் ஓடிப்போயிருக்க வேண்டும். நம் ஊர் ஹேனாமில் குளிர் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். மல்சுன் அத்தை விடிவதற்குள் வந்து அம்மா போட்ட உப்பில் குறை கண்டுபிடித்தாள், பொழுது சாயும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள், உனக்குத் தெரியாததா.

வசந்தத்தில் நாரேயை அழைத்துக்கொள்வதா, இங்கேயே விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தாய். "நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான்" என்றும் எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மழலையர் பள்ளி டீச்சர் நாரேயைச் சோதிக்க விரல் நசுங்கியதுபோல் அழுது காட்டினாளாம், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்கென்னவோ கோளாறு டீச்சரின் நடிப்பில்தான். ஆட்டிசம் இருக்கிற ஐந்து வயதுப் பிள்ளை முகத்தைப் பார்க்காது, சரி, அதனால் மனசே இல்லை என்றாகிவிடுமா?

நடந்ததைக் கேள். முட்டைக்கோஸ் மடல்களுக்குள் மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தவன், மூக்கு அரிக்கிறதே என்று கையுறையோடு தேய்க்கப்போய்க் கண்ணில் இழுத்துவிட்டேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எல்லார் கையிலும் மிளகாய், யார் யாரைத் தொடுவது? மூலையில் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த நாரே என்னைப் பார்க்காமலே எழுந்து உள்ளே போய்விட்டாள். உடனே அத்தை, "பாத்தியாண்ணே, நீ இங்க துடிக்கிற, அது பாட்டுக்கு எந்திரிச்சுப் போவுது. பாசமாவது ஒண்ணாவது!" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, நாரே திரும்பி வந்தாள். கையில் அவளுடைய மஞ்சள் துண்டு, யாரும் தொட்டால் ஊரைக் கூட்டுவாளே, அதேதான், தண்ணீர் சொட்டச் சொட்ட. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தில் அதை அப்பி அழுத்திவிட்டு மூடிகளிடம் போய்விட்டாள். பிறகு அத்தை, "எனக்கும் எரியுதுடி கண்ணு" என்று பொய்யாக முனகிப் பார்த்தாள், நாரே அசையவே இல்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அத்தையும்தான்.

சிரித்து ஓய்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போன வாரம் வீடியோவில் நீ இருமினாய், அவள் எழுந்து போனாள், நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். பிறகு பார்த்தால் போனுக்கு முன்னால் தேனில் ஊறவைத்த யூஜாப் பழ ஜாடி. அவள் இருமினால் கரைத்துக் கொடுப்போமே, அது. விளையாடுகிறாள் என்று நினைத்து அலமாரியில் திருப்பி வைத்தேன்.

வசந்தத்தில் வந்து உன் மகளை அழைத்துப் போ. வீடு வெறிச்சோடிப் போகும், போகட்டும். இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவள் எழுந்து போனால் மட்டும் வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு. உனக்கு எதையோ எடுக்கத்தான் போயிருப்பாள்.

சிவந்த கண்ணோடு,
உன் அப்பா