ஸ்னாப் எலெக்சனில் தோற்றவள்

06.10.1996, ஞாயிறு

என்னோடு ஒரே அறையில் இருக்கும் ஜூலி இன்றும் என் நீலச் சேலையைத்தான் கட்டினாள். பூசைக்கு இல்லை, படம் எடுக்க. நேற்று லண்டனிலிருந்து அகஸ்ரின் கீழ்க்கடை ரெலிபோனுக்கு எடுத்திருக்கிறார். "இஞ்சை ஸ்னாப் எலெக்சன் வந்தால் உனக்கு விசா சரி" என்றாராம். ஸ்னாப் என்றால் படம்தானே? "புதுசா ஸ்னாப் கேக்கினம் போல, அக்கா" என்று பவுடரை அப்பிக்கொண்டு பல்லரோச் சந்தை ஸ்ரூடியோவுக்கு ஓடினாள்.

ஓடட்டும். சேலை என்னுடையது, புருசன் அவளுடையது.

போன வருடம் லண்டன் கிளறாக்கா, மன்னார் மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், படம் அனுப்புங்கோ என்றபோது எங்கள் இருவரின் படங்களும் ஒரே உறையில்தான் போயின. அந்த மனுசன் அவளை எடுத்தார். தை மாதம் இங்கே வந்து தாலி கட்டினார். நான் தோழியாக நின்று பல்லைக் காட்டினேன். அதுவும் ஒரு ஸ்னாப் எலெக்சன்தான். நான் தோற்றது.

13.10.1996

பூசை முடிய பெனடிக்ற் மாஸ்ரரிடம் கேட்டேன். பி.பி.சி.யை ஒருநாளும் விடாத மனுசன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஸ்னாப் எண்டா இது படம் இல்லைப் பிள்ளை. தவணை முடிய முந்தித் திடீரெண்டு வைக்கிற எலெக்சன். வைச்சால் லேபர் கட்சி வரும். வந்தால் ஜூலியை மறிச்ச சட்டத்தை எடுப்பினம்."

அந்தச் சட்டம்! ரோமில் இங்கிலாந்து விசாக்காரர், "ஏன் இந்தக் கலியாணம்?" என்று கேட்டிருக்கிறார். இவள், "லண்டனுக்குப் போகத்தான்" என்றிருக்கிறாள். புருசன் இருக்கிற இடத்துக்குப் போகாமல் வேறு எங்கே போவது? எங்கள் பெட்டைகள் யாரும் அதைத்தான் சொல்வார்கள். லண்டனுக்குப் போவதற்காகவே முடித்த கலியாணம் என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.

ஸ்னாப்பின் அர்த்தத்தை ஜூலிக்குச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பவுடர் பூசி அலையட்டும்.

17.11.1996

மலையேறி சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போனோம். தேர்தல் சீக்கிரம் வரவேண்டும் என்று ஜூலி மெழுகுதிரி கொளுத்தினாள். வரக்கூடாது என்று நான் பக்கத்திலேயே ஒன்று கொளுத்தினேன். பாவம், இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைப் பற்றி அந்தப் புனிதைக்கு என்ன தெரியும்!

"என்ன கேட்டனீங்கள், அக்கா?"

"உன்ரை விசயம்தான்."

பொய் இல்லையே. வீட்டுக்கு வந்ததும் என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

25.12.1996

தேர்தலும் வரவில்லை, அகஸ்ரினும் வரவில்லை. லீவு இல்லையாம். ஜூலி அழுதுகொண்டே நத்தார்க் கேக் வெட்டினாள். எனக்குச் சந்தோசம். ஓம், சந்தோசம்தான். அதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

09.02.1997

காய்ச்சல். நான் வேலை செய்யும் வீட்டுச் சினோரா, வேறு ஆளைப் பார்க்கவா என்று கேட்டாள். ஜூலி தன் வேலையோடு என் வேலையையும் செய்துவிட்டு வந்து கஞ்சி காய்ச்சினாள். மனம் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"ஸ்னாப் எலெக்சன் எண்டா படம் இல்லையடி."

"தெரியும் அக்கா. அடுத்த நாளே அவர் சொன்னவர். நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நாலு மாதமாகவா? நாலு மாதமாகத் தெரிந்துகொண்டா எனக்கு எண்ணெய் தேய்த்தாய்?

18.03.1997

எலெக்சன் திகதி வந்துவிட்டது. மே முதலாம் திகதி. "இது ஸ்னாப் இல்லை, தவணை முடிஞ்சு வைக்கிறது" என்கிறார் மாஸ்ரர்.

02.05.1997

லேபர் வென்றுவிட்டது. ஆட்சியிலிருந்த பழைய ஆக்களுக்குப் படுதோல்வி. மாஸ்ரர் படி ஏறி வந்து சொன்னார்: "போன ஐப்பசியிலை வைச்சிருந்தா இவ்வளவு மோசமாத் தோத்திருக்கமாட்டினம். இழுத்து இழுத்துச் சனத்துக்கு வெறுத்துப்போச்சு."

போன ஐப்பசியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூலி தையிலேயே போயிருப்பாள். தொலைந்தாள் என்று கை தட்டியிருப்பேன். கஞ்சியும் இல்லை, காய்ச்சலில் கதைத்த அந்தக் கதையும் இல்லை. இழுத்ததில் எனக்கும்தான் நட்டம்.

06.06.1997

சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

14.09.1997

ஜூலி போய்விட்டாள். அகஸ்ரின் வந்து கூட்டிப்போனார். விமான நிலையத்தில் அவரை நன்றாகப் பார்த்தேன். முன்மயிர் கொட்டிய, அதிகம் கதைக்காத ஒரு மனுசன். இவருக்காகவா இத்தனை வயிற்றெரிச்சல் பட்டேன் என்று சிரிப்புத்தான் வந்தது.

அவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டார். "வா ஜூலி" என்றார். அவள் போனாள். அப்போது மறுபடியும் எரிந்தது. அதே எரிச்சல்தான், ஆனால் அவள்மேல் இல்லை. அந்த ஆள்மேல். இரண்டு வருடம் ரெலிபோனில் கதைத்த மனுசனுக்கு அவள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த எனக்கு?

நீலச் சேலையை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

21.09.1997

பூசை முடிய மாஸ்ரரைப் பிடித்தேன்.

"லண்டனிலை இனி எப்ப எலெக்சன், மாஸ்ரர்?"

"இப்பதானே பிள்ளை முடிஞ்சது. இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு."

"இடையிலை ஒரு ஸ்னாப் எலெக்சன் வந்து, பழைய ஆக்கள் வெண்டால்... போன பெஞ்சாதிமாரைத் திருப்பி அனுப்புவினமோ?"

மாஸ்ரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா" என்றேன்.

பின்னேரம் தனியே மலையேறி மெழுகுதிரி ஒன்று கொளுத்திவிட்டு வந்தேன். முழங்கால் நோகிறது.