தண்ணீர் என் பையில் இருந்தது

பட்டாபிராம்
12.4.97

அன்பு மகன் மனோகரனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே நல்லபடி இருக்கிறோம், நீயும் பத்மாவும் குட்டிப் பயலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறார், முட்டி வலிதான் அவரை விடவில்லை. வெயில் இப்போதே கொளுத்துகிறது, கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. பின் தெருவில் இரண்டு வீடு புதிதாக எழும்புகிறது, காலை சென்ட்ரல் வண்டியில் நிற்கக்கூட இடம் இல்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், வயிறு கொஞ்சம் கெடும், பத்மா பயந்துகொள்ள வேண்டாம் என்று சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பக்கத்து வீட்டு வசந்தாவின் போனுக்குக் கூப்பிட்டாய். சம்பந்தியம்மாவுக்கு மலையில் மயக்கம் வந்ததைப் பத்மா சொன்னாள் என்றும், நல்ல வேளை நீ கூட இருந்தாய் அம்மா, இல்லாவிட்டால் அத்தைக்கு என்ன ஆகியிருக்குமோ என்றும் சொன்னாய், எனக்கு நன்றி வேறு சொன்னாய். நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது மனோகரா, எனக்குத்தான் வாய் வரவில்லை. வசந்தா வீட்டுக் கூடத்தில் நாலு பேர் எதிரில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை, அதனால் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

பத்மாவின் பிரசவத்துக்கு அவள் அம்மா அமெரிக்காவுக்கு வந்தது முறை, அதில் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதும் சனிக்கிழமை தோறும் நீ அவர்களை மலைக்கும் பாலைவனத்துக்கும் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாயே, அது எந்த முறை என்று எனக்குத் தெரியவில்லை. நீ அனுப்பிய போட்டோக்களை அப்பா தூங்கும் மத்தியானத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பார்த்தால் வயிறு எரியும், பார்க்காமலும் இருக்க முடியாது. ஒன்றில் பனை உயரக் கள்ளிக்குப் பக்கத்தில் தொப்பியும் கோலுமாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளை ஷூ போட்டு நிற்கிறார்கள். இன்னொன்றில் சிவப்புப் பாறையில் இறங்க அவர்கள் கையைப் பிடித்திருக்கிறாய், உன் நெஞ்சில் குழந்தையைப் பையில் கட்டியிருக்கிறாய். அவர்களுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தொன்பது. அவர்கள் தை மாதம் முகப்பேருக்குத் திரும்பியபோது நீ எனக்குக் கொடுத்தனுப்பியது ஸ்வெட்டர். அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஷூ. ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், ஒருத்தி நடப்பாள் என்று நீயே பிரித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் விடிகாலையில் நடக்க ஆரம்பித்தேன். மிலிட்டரி சைடிங் ஸ்டேஷன் வரைக்கும் போய் வருவேன், பிறகு அதையே இரண்டு தடவையாக ஆக்கினேன். அப்பா பால் வாங்க இவ்வளவு நேரமா என்பார். போன மாதம் அப்பாவின் பாக்டரியில் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலைக்கு ஒரு நாள் போய்வர வேன் வைத்தார்கள். ஓடை ஓரமாகப் பாறை மேல் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஒரு சுனை, அங்கே குளித்துச் சாப்பிட்டுத் திரும்புவது. அப்பா முட்டியைக் காட்டி வரமாட்டேன் என்றார். நான் பெயர் கொடுத்தேன், சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டேன். பாசத்தினால் கூப்பிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் நடப்பதை அவர்கள் கண்ணால் பார்த்து உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பினோம், பன்னிரண்டு பேர். நூம்பல்காரர் வேம்புலி, அப்பாவோடு மெஷின் ஷாப்பில் இருந்தவர், அவர்தான் வழி காட்டினார். சம்பந்தியம்மா அதே ஷூ, அதே தொப்பியோடு வந்தார்கள். அவர்களுடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், நீங்கள் கைவீசி நடங்கள் என்று சொன்னேன். அது மனசாரச் சொன்னதுதான். வேனிலும் சரி நடக்கும்போதும் சரி எல்லோரும் அவர்களைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். பாலைவனத்தில் பாம்பு உண்டா, கள்ளியில் பழம் உண்டா, இந்த வயதில் எப்படி நடந்தீர்கள் என்று ஓயாத கேள்வி. அவர்களும் மாப்பிள்ளை இப்படிச் சொல்வார், மாப்பிள்ளை அப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் பிள்ளை சொன்னதை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. உங்கள் சம்பந்தியும் அமெரிக்கா போகலாமே என்று யாரோ கேட்டதற்கு அவர்கள், மாப்பிள்ளைக்கும் ஆசைதான், ஆனால் எங்கம்மாவால் இவ்வளவெல்லாம் நடக்க முடியாது அத்தை என்பார் என்று சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் தோளைத் தொட்டுக்கொண்டேதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் அவர்களோடு நடக்கவில்லை. ஆண்களையெல்லாம் தாண்டி முன்னால் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன், பாறை சுட்டது, உறைக்கவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று கீழே பார்த்தேன். மற்றவர்கள் ஓடையில் இறங்கி நடந்தார்கள், சம்பந்தியம்மா மட்டும் மேல் பாதையில் தனியாக, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சம்பந்தியம்மா, கொஞ்சம் தண்ணி" என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. இரண்டு பாட்டிலும் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நடக்கத் தெரிந்தவர்கள்தானே, வரட்டும் என்று திரும்பி நடந்துவிட்டேன்.

சுனைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். காலை நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். மற்ற எல்லோரும் வந்து அரை மணி ஆன பிறகு வேம்புலி தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உங்க கூட வந்தவங்க எங்க கீறாங்க?" என்றார். அப்போதுதான் நீரிலிருந்து காலை எடுத்தேன். அவரும், பாக்டரி டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த பார்த்தசாரதியும் கீழே ஓடினார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் தப்பான பக்கம் போய், நிழல் இல்லாத பாறைச் சரிவில் சாய்ந்து கிடந்தார்கள். வாந்தி எடுத்திருந்தார்கள், உதடு வெடித்திருந்தது, ஆள் யார் என்றே தெரியவில்லை. பார்த்தசாரதி தண்ணீர் தண்ணீர் என்று கை நீட்டினார். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவர்களுடைய பாட்டிலைத்தான், வீட்டில் நிரப்பியபடி அப்படியே இருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, போர்வையில் வைத்துத் தூக்கி வந்தோம். ஊத்துக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண் விழித்து என்னைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் வெளியே வந்துவிட்டேன்.

எல்லோரிடமும் அவர்கள் சொன்னது, நான்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வழி தப்பிவிட்டேன் என்று. பத்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் நீ எனக்கு நன்றி சொன்னாய். நீ போன் செய்த அன்று சாயங்காலம் மலையில் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். பாக்டரியில் செய்த ராணுவ டாங்க் ஓட்டிப் பார்க்க அவரை ராஜஸ்தானுக்கு இரண்டு கோடைக்கு அனுப்பியிருந்தார்கள் அல்லவா, நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ. அவர் பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், நாங்கள் அந்த மணலில் காலையில் அடித்துக்கொண்டவனுக்குக்கூட மத்தியானம் தண்ணீர் இல்லை என்று சொன்னது கிடையாது சொர்ணம் என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து முகப்பேர் போனேன். சம்பந்தியம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், முகம் இன்னும் வற்றித்தான் இருக்கிறது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன், நீங்கள் கூப்பிட்டது எனக்குக் காதில் விழுந்தது, தண்ணீர் என்னிடம்தான் இருந்தது என்று. அவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும். நீங்க திரும்பிப் பார்த்தீங்க, நானும் உங்களைப் பார்த்தேன்" என்றார்கள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பத்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அல்லவா போய் விழும் என்றார்கள். பிறகு கொஞ்சம் கோபமாகவே, எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம், இருக்கிறது, போகக் கொஞ்ச நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். நான் அழுதேன். அவர்கள் அழவில்லை. ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் ஆகவில்லை. முன்னால் அவர்கள் போட்டோவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, அவ்வளவு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு என் பிள்ளையின் குடும்பத்தைக் காப்பாற்றினார்களே, அந்த மனசைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் வேனிலேயே சொல்லியிருப்பேன். இதைப் பத்மாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். என் மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நாளை மறுநாள் வருஷப் பிறப்பு. வேப்பம்பூ அங்கே கிடைக்காது, பாயசமாவது வைத்து மூன்று பேரும் தலைக்குக் குளித்துச் சாமி கும்பிடுங்கள். குழந்தையின் நெற்றியில் என் சார்பாக ஒரு பொட்டு வை. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் முதலில் உன் மாமியாருக்குப் போன் செய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். அதற்கப்புறம் எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. சொர்ணம்