முப்பது நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீயும் பேத்தியும் சுகமா? நான் சொல்லச் சொல்லப் பள்ளிச் சமையல்காரர் எழுதுகிறார்.

பேத்தியை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று, நான் காவல் இருக்கும் மழலையர் பள்ளியில் அவளுக்கு இடம் கேட்டேன். "முப்பது நாற்காலிதான் பெரியவரே. இடம் வர்றதுக்குள்ள பாப்பாவுக்கு வயசு தாண்டிடும்" என்றார் தலைமையாசிரியை. "என் ஸ்டூல்ல உக்காரட்டுமேம்மா" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எந்த நாட்டிலும் இதே பாடுதானாம், சமையல்காரர் சொல்கிறார்.

அறுபது வருடத்துக்கு முன் என்னையும் பள்ளிக்கூட வாசலோடுதான் திருப்பி அனுப்பினார்கள். இப்போது கதவைச் சாத்துவது நான்.

வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டுவதாக எழுதியிருந்தாய். பூட்டாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஜன்னலையாவது திறந்து வை.

அவள் காலை முழங்காலிலிருந்து பாதம்வரை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பு. நாற்காலி துடைக்கும்போது, அவள் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடுமா என்று பார்த்துக்கொள்கிறேன்.

மணியடிக்க நேரமாகிவிட்டது.

அப்பா, கைநாட்டு.