பன்னிரண்டாவது படத்தின் பின்னட்டை

மார்ச் 3, செவ்வாய்

ஓய்வுபெற்று நாலு மாதம் கழித்து இன்று எனக்கு ஒரு பதவி கிடைத்தது. நூலகத்தில் என் மனைவி வரைந்த படங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு படம், 21ஆம் தேதி திறப்பு. கண்ணாடி போட்ட பிரேம்கள் வந்தாயிற்று. ஆனால் கூடவே வந்த பின்னட்டை ஈரத்தில் ஊறிய செருப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. நான் வெட்டித் தருகிறேன் என்றேன்.

"முப்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் சரிபார்த்தவன் வீட்டுலயே இருக்கேன். இதுக்குப் போய் வெளியில ஆள் தேடுவியா?"

தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தராசைத்தானே பாத்தீங்க. அட்டையை இல்லையே."

ஹாலில் தொங்கும் என் பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினேன். 'பழுதற்ற பணிக்காக' — தங்க எழுத்து. அதன் பின்னட்டை என் கையால் வெட்டியது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பூச்சி, ஒரு உப்பல்? இவள் தூரிகையை உதறிக் காயவைத்தாள். கல்யாணமான புதிதில் நிறைய வரைவாள். ஏதோ ஒரு படம் தொலைந்துபோனது என்று வரைவதையே விட்டுவிட்டாள். குடை தொலைந்ததென்று மழையோடு சண்டை போடுகிற ஜாதி. போன வருடம்தான் மறுபடி தூரிகையைத் தொட்டாள்.

மார்ச் 5, வியாழன்

பிரேம் சாமான் விற்கிற கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் பிளேடு. விற்பதும் அது, போடுவதும் அது. ஓர் அட்டை கேட்டால் அட்டைகளின் வரலாறே வந்து விழுந்தது. ஹார்டு போர்டு கனம், ஆணி தாங்காமல் படம் ஒருநாள் தலையில் இறங்கும். பெட்டி அட்டையின் வரிவரியெல்லாம் படத்தின் மேலேயே வந்துவிடும். மட்டமான அட்டையில் அமிலம் இருக்கும், தாளைப் பழுப்பாக்கிவிடும்.

"பின்னாடி என்ன வச்சீங்கன்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது சார். பத்து வருஷம் கழிச்சு முன்னாடி தெரியும்."

தத்துவத்துக்குத் தனிக் காசு வாங்கவில்லை. அமிலம் இல்லாத கெட்டி அட்டை மூன்று தாள் எடுத்தேன். தாளுக்கு நாலு, ஆகப் பன்னிரண்டு. "ஒண்ணு கூட எடுத்துக்குங்க, கை தப்பும்" என்றார். யாரைப் பார்த்து!

மார்ச் 8, ஞாயிறு

கை தப்பியது.

ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம் என்று முழு பலத்தையும் போட்டேன். இரும்பு ஸ்கேல் நழுவி, பிளேடு அட்டைக்குள் வளைந்து போய், சாப்பாட்டு மேசையில் ஒரு கையெழுத்தும் போட்டது. ஓரம் எலி கடித்த மாதிரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மேசை கோணல் என்றேன்.

"மேசைக்கு இருபது வயசு. நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

இன்று வெட்டியது: கட்டைவிரல், ஒன்று.

மார்ச் 12, வியாழன்

மானத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிளேடிடம் போய்க் கற்றுக்கொண்டேன். ஒவ்வோர் அட்டைக்கும் புது முனை. நமக்கு வேண்டிய பாகத்தின் மேல் ஸ்கேலை வைத்தால், நழுவினாலும் காயம் கழிவில்தான் விழும். முதல் இழுப்பு கோடு போட மட்டும். அப்புறம் அதே தடத்தில் மெதுவாக ஐந்தாறு தரம். பிரேமின் பள்ளத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவாக.

பதினொன்று தேறின. சுமார்தான், ஆனால் நிற்கும். அந்த அட்டை கடையில் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு 23ஆம் தேதியாம். ஒன்று குறைகிறது. "கூட எடுத்துக்குங்க" என்று சொன்ன வாய் இன்று எதுவும் சொல்லாமல் சிரித்தது.

என் பாராட்டுப் பத்திரமும் அதே அளவு. நாளை அதன் பின்னட்டையைக் கழற்றித் தருகிறேன். மனைவிக்காகத் தியாகம்.

மார்ச் 13, வெள்ளி

இவள் கடைக்குப் போயிருந்தபோது கழற்றினேன். ஆணிகளை எடுத்து, அட்டையை உருவித் திருப்பினேன்.

படம். இவள் வரைந்த படம்.

மொட்டை மாடி. கொடியில் வெள்ளைப் போர்வை காற்றில் உப்பி நிற்கிறது. வலது ஓரத்தில் அதன் நுனியை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. கை மட்டும். மணிக்கட்டோடு ஆள் முடிந்துவிட்டாள். எங்கள் மகள், மூன்று வயதில். மிச்சத்தை நான் வெட்டிவிட்டேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! அப்போது திருப்பிப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். ஏதோ கிறுக்கல் என்று நினைத்திருப்பேன். ஞாபகமில்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும். மூன்று வாரம் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினாள். "ஒரு பொருளை ஒழுங்கா வைக்கத் தெரியாதவளுக்கு இப்படித்தான்" என்று சொன்னேனே, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடையும் மழையும் என்று பத்து நாள் முன்னால் எழுதியவனும் நான்தான்.

வெட்டு மட்டும் என்ன நேர்த்தி. பழுதே இல்லை.

மார்ச் 14, சனி

ஓவியத்தை உள்பக்கம் பார்க்க வைத்துப் பன்னிரண்டாவது பிரேமில் ஆணி அடித்துவிட்டேன். இப்போது சொன்னால் மறுபடி வரைவதை விட்டுவிடுவாள். திறப்புக்கு ஒரு வாரம்தான். எல்லாம் அவள் நன்மைக்காக. எப்பேர்ப்பட்ட புருஷன்!

பத்திரம் எங்கே என்று கேட்டாள். கண்ணாடி துடைக்கக் கழற்றினேன் என்றேன். முப்பது வருடத்தில் நான் துடைத்த முதல் கண்ணாடி. அதையும் நம்பினாள்.

மார்ச் 15, ஞாயிறு

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறார்கள். என்னுடையது கூச்சல் போடுகிறது.

மார்ச் 16, திங்கள்

படங்களுக்குக் கயிறு கட்ட மகள் வந்திருந்தாள். இவள் ஒவ்வொன்றாய்த் திருப்பி என் வேலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவதில் விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"இது ஒண்ணுதாங்க அருமையா வெட்டியிருக்கீங்க. கை பழகிடுச்சு போல."

இருபத்தெட்டு வருடமாக நான் ஏங்கிய பாராட்டு. தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் உளறிவிட்டேன். ஆணியைப் பிடுங்கிப் படத்தை இவள் மடியில் வைத்தேன்.

"அம்மா, இந்தக் கை… நானா?" என்றாள் மகள்.

இவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெட்டிய ஓரத்தை விரலால் அளந்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ரெண்டு அங்குலம் எங்க?"

வெட்டியெடுத்த துண்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆனால் ஞாபகம் வந்தது. அந்த வருடம் பீரோ ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாத அட்டை ஒன்றை மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன். நானும் மகளும் பீரோவைச் சாய்த்து அதை உருவினோம். பிரித்தால் — சிவப்புக் கவுன், ஒரு கால் செருப்பு, பல் தெரியச் சிரிப்பு. வெளிச்சம் படாததால் நிறம் அப்படியே இருக்கிறது. கன்னத்தில் பீரோக் காலின் வட்டம்.

"இத்தனை வருஷமா என் புடவையெல்லாம் இவ மேலயா அடுக்கி வச்சிருக்கேன்?" என்றாள். உள்ளே போய் வண்ணப் பெட்டியை மூடினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன தடவை மூடியது திறக்க இருபத்தேழு வருடம் ஆனது.

மார்ச் 17, செவ்வாய்

பெட்டி மூடியே இருக்கிறது. மேசையில் எனக்குச் சாப்பாடு, பக்கத்தில் நான் கீறிய கோடு. பேச்சுத் துணைக்குக் கோடுதான்.

மார்ச் 19, வியாழன்

காலையில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அளவுகள்.

"பன்னெண்டாவதா வச்சிருந்தது வேண்டாம். இதை மாட்டப்போறேன். ரெண்டு துண்டும், நடுவுல அரை அங்குலம் விட்டு."

"ஒட்டிடலாமே. ஒட்டினா வெட்டினதே தெரியாது—"

"தெரியட்டும்."

பிளேடிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் முதல்முறையாக வரலாறு எதையும் அவிழ்க்காமல் பரணில் ஏறினார். பிறகு ஒரு பெரிய பிரேமை எடுத்துக்கொடுத்து, கடையில் மாதிரிக்கு மாட்டியிருந்த அட்டையையும் கழற்றித் தந்தார். வீட்டில் இவள் எதிரே நின்றுகொண்டு பார்த்தாள். புது முனை. ஸ்கேல் வேண்டிய பக்கம். எட்டு இழுப்பு. வெட்டு பிசகவில்லை. இரண்டு துண்டையும் அதன் மேல் அவளே பொருத்தினாள். என்னைத் தொட விடவில்லை.

மார்ச் 21, சனி

திறப்பு. கூட்டம் முழுக்கப் பன்னிரண்டாவது படத்துக்கு முன்னால்தான். நடுவில் ஏன் இடைவெளி என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் வெட்டினது" என்றாள் இவள்.

"பிரமாதமான கற்பனை சார்!" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?



மார்ச் 24, செவ்வாய்

அந்தத் துண்டை எடுத்ததிலிருந்து பீரோ ஆடுகிறது. கதவைத் திறந்தால் டக், மூடினால் டக். இன்று காலை இவள் அதிலிருந்து கிழிந்த புடவை ஒன்றை எடுத்தாள். தூரிகை துடைக்க. வண்ணப் பெட்டி ஜன்னலோரம் திறந்திருந்தது. நான் பார்க்காதது போலப் பேப்பர் படித்தேன்.

"இதை ஏதாவது பண்ணித் தொலைங்க" என்றாள். அளவு சொன்னதைத் தவிர எட்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பின்னட்டை போன பாராட்டுப் பத்திரம் மேசை இழுப்பறையில் சும்மாதான் கிடந்தது. நாலாக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன். டக்.

இவள் படத்திலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "அது மெல்லிசுங்க. எட்டா மடிங்க."

எட்டாக மடித்தேன். இப்போது ஆடவில்லை.