குடை அக்காவின் அறைக் கதவு

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அத்தை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்றால் என் முழங்கால் நீங்கலாக, உன் அம்மாவின் தூக்கம் நீங்கலாக, உன் அத்தையின் கோபம் நீங்கலாக, மிச்சமிருப்பதெல்லாம் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் துணியோடு படுக்காமல், உடம்பைக் கவனித்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் போகாது. அத்தை இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், தாள் பின்னால் தபாலில் வரும், அதனால் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "அத்தையை நம்ம கப்பலுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க, ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்று எழுத்தில் ஒரு சேதி அனுப்பினாயே, அதை யார் வாசிப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? உன் அம்மாவுக்கும் எனக்கும் எழுத்தென்றால் எறும்பு ஊர்வது போலத்தான். வாசித்தவள் அத்தை. ஒருத்தியை வராதே என்று சொல்ல, அதை அவளையே சத்தம் போட்டு வாசிக்கவைத்த புத்திசாலி உலகத்தில் நீ ஒருவன்தான். அடுத்த பயணத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னதை நம்பி, அவள் கப்பலுக்கென்று சக்கரம் வைத்த பெட்டி வாங்கி, சக்கரம் சரியாக உருளுகிறதா என்று நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, "என்னக்கா, மாடியில ரயில் விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்படி இருந்தவள் உன் சேதியை வாசித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலடியில் தள்ளினாள். "பெரிய இடத்துல வேலை பாக்கிறவனுக்கு என்னை அத்தைன்னு காட்ட வெக்கமா இருக்குது போல" என்று சொல்லிவிட்டு எங்களோடு பேச்சையும் நிறுத்தினாள், சமையலையும் நிறுத்தினாள். நீ செய்த தப்புக்கு இங்கே நாங்கள் பட்டினி. இந்த இடத்தில் இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் எழுது என்றேன், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாள், எழுத்து சாய்ந்திருந்தால் அதுதான் காரணம்.

அப்புறம் நீ போன் போட்டுக் காரணத்தைச் சொன்னாய். சொன்னதும் சொன்னாய், "யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்றும் சொன்னாய். டேய், எனக்குக் காது மந்தம், இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கத்தும் என்பது நீ பிறந்த வீட்டு விஷயம், அதுகூடவா உனக்கு மறந்துபோகும்? யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்னதை எதிர்வீட்டுக்காரி கேட்டாள், தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், எங்கள் வீட்டுக் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர் கேட்டுவிட்டு, "பாவம் சார் அந்தம்மா, இப்ப எப்படி இருக்காங்க?" என்று என்னையே விசாரித்தார். இனி ரகசியம் என்று ஒன்று கிடையாது, அதனால் வெளிப்படையாகவே பேசுகிறேன்.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல்லு. நீ துப்புரவு பார்க்கும் அறைகளில் ஒன்றில் அந்தக் குடை அக்கா தனியாகப் பயணம் வந்திருக்கிறார். எந்நேரமும் கையில் குடை, கப்பலுக்குள் மழையா பெய்கிறது என்று உங்கள் ஆட்களெல்லாம் சிரித்தார்கள், நீதான் அவருக்கு அந்தப் பேரை வைத்தாய். அன்றைக்குக் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றது, நல்ல பகல், எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிட்டார்கள், அவர் மட்டும் தலைவலி என்று படுத்திருந்தார். எவனோ ஒருவன் கதவைத் தோளால் இடித்துத் திறந்து உள்ளே போய்விட்டான். அந்தப் பெண்மணி கைக்குக் கிடைத்த குடையால் அவனை அடித்துக் கூச்சல் போட்டிருக்கிறார், ஆள் வருவதற்குள் அவன் அவருடைய மணிக்கட்டை முறுக்கி ஒடித்துவிட்டு ஓடிவிட்டான். ஓடிவிட்டான் என்று நீ சொல்கிறாய். கப்பலை விட்டு எங்கே ஓடுவான்? இறங்கியவர்கள் எல்லோரும் எண்ணிக்கை குறையாமல் திரும்பி ஏறினார்கள் என்று நீதானே சொன்னாய்? அதே கப்பலில் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், உன் கூட்டாளி எவனோ அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான், நீ அவன் படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறாய். இப்போது கம்பெனிக்காரர்கள் சொல்வது, அந்த அம்மாவே கதவைச் சாத்தாமல் படுத்துவிட்டார், கொஞ்சம் குடித்திருந்தார் என்று. கப்பல் திரும்பிக் கரைக்கு வந்ததும் போலீஸ் ஏறி விசாரிக்குமாம். அப்போது, கதவு நன்றாகத்தான் இருந்தது என்று நீ சொல்ல வேண்டுமாம். சொன்னால் உன்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றி மேலே தூக்கிவிடுவதாக உன் சூப்பர்வைசர் தோளில் கை போட்டுப் பேசினாராம். சம்பவம் நடந்த மறுநாளே அந்தத் தாழ்ப்பாளை மாற்றியும்விட்டார்களாம். நன்றாக இருந்த தாழ்ப்பாளை எந்த மடையனாவது மாற்றுவானா என்று நீ அவரைக் கேட்கவில்லை. என்னிடம் வந்து, "நமக்கெதுக்குப்பா வம்பு, பாத்துக்கலாம்" என்கிறாய்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிகிறது. பார்த்துக்கலாம். குழாய் சொட்டுகிறதே என்றால் உன் அம்மா பார்த்துக்கலாம் என்பாள், சமையலறை குளமான பிறகுதான் ரிப்பேர்காரர் வந்தார். மேல்மாடிப் படிக்கு விளக்கு வேண்டும் என்றால் வீட்டுக்காரர் பார்த்துக்கலாம் என்பார், நான் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட பிறகும் அதையேதான் சொல்கிறார். பார்ப்பேன் என்பவன் பார்ப்பான், பார்க்க மாட்டேன் என்பவனிடம் சண்டையாவது போடலாம், பார்த்துக்கலாம் என்பவனை என்ன செய்வது? சரி, உனக்கு ஞாபகம் இல்லை, எனக்கு இருக்கிறது, கேள். இந்தப் பயணம் கிளம்புவதற்கு முன்பு ஒரு நாள் போன் போட்டாய். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாய். "எங்க வரிசையில ஒரு ரூம்ல தாழ் முழுசா விழ மாட்டேங்குதுப்பா, தோளால ஒரு இடி இடிச்சா தானா திறந்துக்குது, நான் சாவியே போடறதில்ல" என்று சொல்லிச் சிரித்தாய். சூப்பர்வைசரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொல்லிட்டேன், பாத்துக்கலாம்னுட்டார்" என்றாய். அத்தை தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், "பொம்பளைங்க தங்கற ரூமாடா அது?" என்று தலை நிமிராமலே கேட்டாள். எதிர்வீட்டுக்காரி சல்லடை வாங்க வந்து வாசலில் நின்றாள், இதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கதவும் அப்படித்தான் என்று பெரிய கதை ஆரம்பித்தாள். இப்போது உன் சூப்பர்வைசர், "அந்தக் கதவைப் பத்தி எங்கிட்ட யாரும் சொல்லல" என்கிறாராம், நீயும் "நான் சொன்னேனா இல்லையான்னே ஞாபகம் இல்லப்பா" என்கிறாய். எனக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை.

நான் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தை நீ பார்த்திருக்கிறாய். இரும்பு வலைக் கதவு, அது முழுசாகச் சாத்தி தாழின் நாக்கு உள்ளே விழாவிட்டால் பெட்டி நகராது. மேனேஜர் நின்று கத்துவார், அவசரம் என்பார்கள், பெட்டி அசையாது, அதற்கு மனிதர்களின் அவசரம் தெரியாது. நீங்கள் என்னடாவென்றால் சாத்தாத கதவோடு ஓர் ஊரையே கடலில் நகர்த்திக்கொண்டு போகிறீர்கள். அதில் நீச்சல் குளம் என்ன, பாட்டுக் கச்சேரி என்ன. ஒரு தாழ்ப்பாளுக்கு ஆள் இல்லை.

உன் அம்மா சொன்னதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குத் தேநீர் கிடையாது. அவள் முதலில் உன் பக்கம்தான் பேசினாள். "கடல் நடுவுல ஒத்தையா கிடக்கறான், இவர் இங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு வீரம் பேசறார். எவனாவது பிடிச்சுத் தள்ளிவிட்டா, தவறி விழுந்துட்டான்னு ரெண்டு வரி எழுதி அனுப்புவானுங்க, அப்ப யாரைப் போய்க் கேக்கறது?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கரை வரும்வரை வாயைத் திறக்காதே. சூப்பர்வைசர் கேட்டால் சரி என்றும் சொல்லாதே, மாட்டேன் என்றும் சொல்லாதே, அவருடைய வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடு, பார்த்துக்கலாம் என்று சொல்லிவை. கப்பலின் தடுப்புக் கம்பி ஓரத்தில் தனியாக நிற்காதே, உன்னோடு தங்கியிருக்கும் சமையல்காரப் பையனை எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போ, அவன் குறட்டை விடுகிறான் என்று இனிமேல் சண்டை போடாதே. கரையிலிருந்து போலீஸ் ஏறியதும், நாலு பேர் பார்க்க, அந்த அம்மாவும் இருக்கும்போது சொல்லு. வேலை போனால் போகட்டும். இதை உன் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்துவிட்டுக் காலையில், "வந்தா ரெண்டு ரொட்டி கூடச் சுட்டுப் போடறேன், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டாள்.

ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தக் கதவு ஆபத்து என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அத்தையை வர வேண்டாம் என்றாய். உன் அத்தைக்குச் சொல்ல உனக்கு வாய் வந்தது. அந்த வரிசையில் அடுத்த பயணத்தில் படுக்கப்போகிறவள் யாருக்கோ அத்தை இல்லையா? அவளுடைய மருமகன் உங்கள் கப்பலில் வேலை பார்க்கவில்லை, அதனால் அவளுக்குச் சேதி போகாது, அவ்வளவுதானே வித்தியாசம்? மாற்றியது ஒரே ஒரு தாழ்ப்பாளை. மற்ற கதவுகளை யார் இடித்துப் பார்த்தார்கள்? இதை நான் சொன்னபோது அத்தை எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எனக்கும் அந்தம்மா வயசுதான்" என்று சொல்லிவிட்டு, அதையும் எழுதினாள்.

இன்னொன்று, குடை எங்கே? இத்தனை முறை போனில் பேசினாய், அந்த அறையைத் துடைத்ததைச் சொன்னாய், தாழ்ப்பாள் மாற்றியதைச் சொன்னாய், தலையணை உறையில் இருந்த கறையைக்கூடச் சொன்னாய், குடையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் குப்பையோடு போடு என்று சூப்பர்வைசர் சொன்னார் என்று நீ சொன்ன இடத்தில் உன் பேச்சு ஒரு நொடி நின்றது. சின்ன வயதில் தின்பண்டத்தை ஒளித்து வைத்தாலும் நீ அப்படித்தான் நிற்பாய். நீ போடவில்லை. அவனை அடித்ததில் கம்பி வளைந்த அந்தக் குடை உன் பெட்டிக்குள் துணிக்கு அடியில்தான் இருக்கிறது. எடுத்து வைக்கத் தெரிந்த கைக்கு எடுத்து நீட்டவும் தெரியும். போலீஸ் வரும்போது அதைக் கையோடு கொண்டு போ. நீ சொன்னதை யாரும் நம்பாவிட்டால் அவர்களை இங்கே அழைத்து வா, அத்தை, எதிர்வீட்டுக்காரி, நான், உன் அம்மா, நீ கதவைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதுவரை சொல்கிறோம். ஸ்பீக்கரில் போடாதீங்க என்று எத்தனை முறை எங்களிடம் சண்டை போட்டிருப்பாய். இப்போது அதுதான் உனக்குத் துணை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். கோபத்தில் ஏதாவது அதிகமாகப் போயிருந்தால் அதையும் சேர்த்தே வாசித்துக்கொள், குறைத்து எழுதச் சொல்லி அத்தையிடம் நான் கேட்கவில்லை. கையில் தடவும் களிம்பு தீர்ந்துவிட்டால் சோப்புத் தண்ணீரில் கைவைக்கும்போது உறை போட்டுக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, கடல் அமைதியாக இருக்கட்டும், நீ நிமிர்ந்து நடந்து வீடு வந்து சேர், என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் உண்டு. கடைசியாக ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத நான்கூட, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, உண்மைதான் என்று தெரிந்த பிறகுதான் எதிலும் விரலை வைப்பேன். இதையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

அத்தை சேர்த்து எழுதுவது: பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை, கட்டிலடியிலேயேதான் வைத்திருக்கிறேன். நீ முதலில் சொல்லிவிட்டு வா. எல்லாக் கதவும் சாத்துகிற நாளில் நான் வருகிறேன். குடையோடுதான்.