கதவு எண் பதினான்கு காலியாகவில்லை

அனுப்புநர்:
எடையளவு முத்திரை ஆய்வாளர் (ஓய்வு),
கதவு எண் 14, மூன்றாவது தெரு,
அணுமின் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அணுமின் நிலைய விபத்து அவசரகால ஒத்திகை மதிப்பீட்டுக் குழு.

பொருள்: சென்ற மாத ஒத்திகையில் மூன்றாவது தெருவிலிருந்து 171 பேரும் வெளியேறியதாகப் பதிவாகியுள்ளது – ஒருவர் வெளியேறவில்லை – அந்த ஒருவர் நான் – அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை இரண்டில் கண்ட பதிலை நான்கு முறை படித்தேன். "பதிவேட்டின்படி தாங்கள் முற்பகல் 10.27 மணிக்குப் பாதுகாப்பு முகாமில் இருந்தமையால், வெளியேறவில்லை என்னும் தங்கள் கூற்று ஏற்கத்தக்கதல்ல" என்று அதில் எழுதியிருக்கிறது. ஐயா, நான் எங்கே இருந்தேன் என்பது தங்கள் பதிவேட்டைவிட எனக்குக் கொஞ்சம் நன்றாகவே தெரியும். 10.27 மணிக்கு நான் என் வீட்டுக் குளியலறைத் தரையில், இடது இடுப்பெலும்பு முறிந்து, ஒருக்களித்துக் கிடந்தேன். மருத்துவமனைச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன். சென்ற முறையும் இணைத்திருந்தேன். யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2. நடந்தது இதுதான். ஒத்திகை காலை பத்து மணிக்கு என்று ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வெளியேறும் வீட்டார் வாசல் கதவின் கைப்பிடியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது தங்கள் கையேட்டின் ஆறாம் விதி. துணி கட்டிய வீட்டை மீட்புக் குழு தட்டாது; தட்டி நேரத்தை வீணாக்காது. நான் 9.45 மணிக்கே துணியைக் கட்டிவிட்டேன். பிறகு எல்லா ஜன்னல்களையும் அடைக்கவேண்டும் என்னும் எட்டாம் விதிப்படி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தேன். குளியலறைக்குள் இருப்பது உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு ஏறினேன். ஜன்னல் அடைபட்டது, முக்காலி சறுக்கியது. கைக்கடிகாரத்தில் 9.52.

3. பத்து மணிக்குச் சங்கு ஒலித்தது. ஒலிபெருக்கி வண்டி வந்தது. பொதுமக்கள் பதற்றப்படாமல் வெளியேறுமாறு ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. தெருவில் செருப்புச் சத்தம், பூட்டுகிற சத்தம், யாரோ யாரையோ "தண்ணி பாட்டில எடுத்தியா?" என்று அதட்டுகிற சத்தம். நான் கத்தினேன். சங்குக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்? வலது கை நன்றாக இருந்ததால் குளிக்கிற குவளையை எடுத்து வாளியில் அடித்தேன்.

4. ஏறத்தாழ 10.20 மணிக்குத் தங்கள் மதிப்பீட்டாளர் என் வாசலுக்கு வந்தார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அப்போது சங்கும் நின்றிருந்தது. அவருடன் வந்தவர் "சார், உள்ள ஏதோ சத்தம் கேக்குது" என்றார். மதிப்பீட்டாளர் "துணிதான் கட்டியிருக்கே. பூனையா இருக்கும். பதினாலு முடிஞ்சுது, அடுத்தது வாங்க" என்றார். நான் பூனை வளர்ப்பதில்லை ஐயா. அன்று மட்டும் வளர்த்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன், பக்கத்தில் படுத்திருக்கவாவது ஓர் உயிர் இருந்திருக்கும்.

5. பிறகு தெருவில் யாரும் இல்லை. நாற்பத்தாறு வீடுகளில் ஓர் ஆளும் இல்லாத தெருவில் கிடந்தவர் தங்கள் குழுவில் யாராவது உண்டா? குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கிற சத்தம் கேட்கும். மறுபடி ஓடுகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். இது ஒத்திகை, எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், உண்மையான விபத்தாக இருந்தால் இப்படித்தான் இருக்கும், யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அழுதேன். மனுவில் இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருட அரசுப்பணியில் இப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

6. ஒரு மணிக்கு ஆபத்து நீங்கியதாகச் சங்கு ஊதினார்கள். தெரு சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடி கத்தினேன், வாளியில் அடித்தேன். ஆனால் வீட்டின் அத்தனை ஜன்னல்களையும் காற்றுப் புகாதபடி நானே அல்லவா அடைத்துவைத்திருந்தேன்? எட்டாம் விதியை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் இந்தத் தெருவில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குள் தொண்டையும் கட்டிப்போயிருந்தது.

7. 2.40 மணிக்கு எதிர்வீட்டு டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகாமில் எனக்கு என்று கொடுத்த உணவுப் பொட்டலத்தையும், கதிர்வீச்சிலிருந்து காக்கும் அயோடின் மாத்திரைக்குப் பதிலாக ஒத்திகையில் கொடுக்கும் வெற்று உறையையும் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டையும் கீழே போட்டுவிட்டார். "ஐயோ அக்கா! நீங்க பின்னாடி எங்கயோ உட்கார்ந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முகாமில் பெயர் கூப்பிட்டபோது எனக்காகக் கை தூக்கியது அவர்தான். "உங்களுக்கு லேட் மார்க் விழக்கூடாதுன்னுதான்க்கா தூக்கினேன், சத்தியமா" என்றார். 10.27 மணிக்கு முகாமில் இருந்த நான் அந்தக் கைதான். உணவுப் பொட்டலம் மீந்திருக்காவிட்டால் அவரும் வந்திருக்கமாட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்.

8. இனி என் தவறு. முதல் மனுவில் இதை மறைத்தேன். அதனால்தானோ என்னவோ அந்த மனு தங்களிடம் எடுபடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு ஐம்பத்திரண்டு நிமிடத்தில் காலியாகி, ஒன்பது தெருக்களில் ஆறாவதாக வந்தது. தெருப் பொறுப்பாளரான மருந்துக்கடைக்காரர் கடையில் கூட்டம் போட்டு வருத்தப்பட்டார். நான்தான் எழுந்து யோசனை சொன்னேன். மதிப்பீட்டாளர் ஆட்களை எண்ணுவதில்லை, துணிகளைத்தான் எண்ணுகிறார், கடைசித் துணி கண்ணில் பட்டதும் கடிகாரத்தை நிறுத்துகிறார். ஆகவே சங்குக்கு முன்பே துணியைக் கட்டிவிடலாம், பிறகு நிதானமாகக் கிளம்பலாம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் "அக்கா மூளையே மூளை" என்றார். அடுத்த ஆண்டு நாற்பது நிமிடம். இந்த ஆண்டு முப்பத்தொன்று, முதலிடம்.

9. இதை மற்றவர் யாராவது செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். செய்தது நான். பணிக்காலம் முழுவதும் கடைகடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சோதித்தவள். ஆய்வாளர் வருகிற நாளுக்கு என்றே கடைக்காரர்கள் நல்ல படிக்கல் ஒன்றை உள்ளே துடைத்து வைத்திருப்பார்கள். அதனாலேயே நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். எத்தனை பேரின் தராசைப் பறிமுதல் செய்திருக்கிறேன், எத்தனை பேர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள்! ஓய்வு பெற்றபின் ஒரு தெருவுக்கே கள்ளப்படிக்கல் செய்து கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று மருத்துவமனையில் படுத்தபடி யோசித்தேன். அன்று கடையில் எல்லாரும் என் பக்கம் திரும்பி, நான் பேசுவதைக் கேட்டார்கள். அதற்காகத்தான்.

10. நான் ஒத்திகைக்கு எதிரி என்று தாங்கள் நினைத்துவிடக்கூடாது. என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகள் இல்லை. வீட்டு விவரப் படிவத்தில் 'அவசரகாலத்தில் யாருக்குத் தெரிவிக்கவேண்டும்' என்னும் இடத்தில் இன்னும் அவருடைய எண்ணே இருக்கிறது. அடித்துவிட்டு எழுத வேறு எண் இல்லை. ஒத்திகை நாளில் முகாமான பள்ளிக்கூட மண்டபத்தில் தெருவோடு சேர்ந்து பெஞ்சில் உட்காருவேன். கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஒரு பெண் வருவார். "கைய விரிங்கம்மா, அப்படியே திரும்புங்க" என்று தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்புவார். வருடத்தில் அந்த ஒருநாள் ஒருவர் என் தோளைத் தொடுவார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நாளுக்காக நான் காத்திருப்பவள்.

11. நான் மனு எழுதுவது தெரிந்து மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். "அக்கா, கால் சரியாகிட்டு வருதுல்ல? விடுங்களேன். ரெண்டு வருஷமா ஏறி வந்த தெரு. உங்களால பேர் கெட்டுச்சுன்னு யாரும் சொல்லிடக்கூடாது பாருங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர். அடுத்த நாளிலிருந்து கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். டீச்சர் வாரம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தார், இப்போது தன் வாசலில் நின்றே "நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். என் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே பேர். இந்த மனு தங்கள் மேசைக்கு வந்துசேரும்போது அந்த இரண்டு தட்டலும் இருக்காது. அது தெரிந்துதான் கையெழுத்திடுகிறேன். இந்தத் தெருவில் என்னைப்போலத் தனியாக இருப்பவர்கள் இன்னும் நான்கு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. அறிவிப்புப் பலகையில் 'நூறு விழுக்காடு' என்று ஒட்டியிருக்கும்வரை அந்த நான்கு பேரையும் யாரும் தேடமாட்டார்கள்.

12. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கையில் 171 என்பதை 170 என்று திருத்தவேண்டும். எங்கள் தெருவின் முதலிடத்தை நீக்கவேண்டும். யோசனை என்னுடையது என்பதால் கண்டனம் ஏதும் இருந்தால் என் பெயருக்கு மட்டும் அனுப்பவேண்டும்.

முகாமில் குரலையும் கையையும் எண்ணக்கூடாது, முகத்தைப் பார்த்து எண்ணவேண்டும். துணி கட்டிய வீடுகளில் பத்தில் ஒன்றையாவது திறந்து பார்க்கவேண்டும். எந்த வீடு என்பது மதிப்பீட்டாளருக்கே கடைசி நிமிடம்வரை தெரியக்கூடாது. ஒத்திகை நாளை முன்கூட்டி அறிவிப்பதை நிறுத்தவேண்டும். இது என் தொழில் அனுபவத்தில் சொல்வது.

கடைசியாக ஒன்று. இந்தப் பத்தியை மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் காட்டவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஒத்திகையில் என் கதவில் துணி கட்டியிருக்கும். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கத்தமாட்டேன், எதையும் தட்டமாட்டேன். தங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் கடிகாரத்தோடு முகாமில் நிற்கட்டும். பெயர் கூப்பிட்டு முடிந்த நேரத்திலிருந்து, "பதினாலாம் நம்பர் அக்கா எங்க, காணோமே?" என்று யாராவது ஒருவர் கேட்கும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கட்டும். தெரு எத்தனை நிமிடத்தில் காலியாகிறது என்பதைத் தாங்கள் பல ஆண்டுகளாக அளந்துவிட்டீர்கள். இதை இதுவரை யாரும் அளக்கவில்லை. ஆபத்து நீங்கிய சங்கு ஊதும்வரை யாரும் கேட்காவிட்டால் அதையும் அப்படியே எழுதட்டும். எண் எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு நகல் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் முகாமில் இருப்பவள்,
(கையொப்பம்)

நாள்: ஒத்திகை முடிந்த நாற்பத்தொன்றாம் நாள்.
இடம்: கதவு எண் 14, உள்ளே.

இணைப்பு: மருத்துவமனைச் சான்று, நகல் – 1. (தயவுசெய்து பிரித்துப் பார்க்கவும்.)